மீட்டர் பேசாத ஒட்டு

சேக் மைதீனுக்கு மீட்டர் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடையை ஒட்டி அவர் கடை. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் தெருவில் கிடக்கும், அவ்வளவுதான் இடம். மொபைல் ஸ்டார்ட்டர் ரிப்பேர்தான் தொழில். கிணற்று மோட்டாரை வீட்டில் இருந்தபடியே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி வருகிறதே, அது. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயம் பார்க்கிற சம்சாரி தன் போனிலிருந்து கூப்பிட்டாலும் சரி, ஆன் என்று மெசேஜ் அனுப்பினாலும் சரி, அங்கே விளைகாட்டில் மோட்டார் ஓடும்.

யார் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டு இருக்கிற இடத்தில் வைப்பார். பீப் என்று கத்தினால், "உசுரு இருக்கு, நாளைக்கு வாரும்." கத்தாவிட்டால், "செத்துப்போச்சு, எடுத்துட்டுப் போரும்." இரண்டே தீர்ப்புதான். சாயங்காலம் ஆனால் மோட்டார் முனகுது, பெட்டிக்குள்ளிருந்து யாரோ இருமுற மாதிரி இருக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "பேயும் கெடையாது, ஜின்னும் கெடையாது. லூஸ் கனெக்சன்வே" என்று வாயை அடைத்துவிடுவார்.

சொந்த ஊர் கடையநல்லூர். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. தறியில் கொஞ்ச நாள் உட்கார்ந்தார், சரிப்படவில்லை. பிறகு ஷார்ஜாவில் ஒரு செல்போன் கடையில் பத்துப் பன்னிரண்டு வருஷம். அங்கேதான் வெள்ளிப் பசையைக் கற்றுக்கொண்டார். ஈயம் வைத்துச் சூடு காட்டினால் சுருண்டுபோகிற மெல்லிய தகடுகளை அதை வைத்துத்தான் ஒட்டுவார்கள். பசைக்குள் வெள்ளித்தூள் கலந்திருக்கும். இரண்டு குழாயிலிருந்தும் பயறு அளவு பிதுக்கி, குழைத்து, ஊசி முனையில் தொட்டு வைத்து, பல்பு வெளிச்சத்தில் காயவைத்தால் போதும். மின்சாரம் அதன் வழியே போகும். ஊருக்கு வந்து கடை போட்டபோது வீட்டுக்காரி ஷாஹின் பானுவுக்குக்கூட ஒரு கொலுசு கொண்டு வரவில்லை. அந்தப் பசைக் குழாய்களைத்தான் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அவள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

தை மாதம் ஒரு நாள், உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால், ஆவுடையப்பன் கடை வாசலில் வந்து நின்றான். இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரி செல்லச்சாமியின் தம்பி. தலையை மழித்திருந்தான். மழித்த தலையில் வெயில் பளபளத்தது.

"பாய், கெளம்பும்."

"எங்கவே? மொட்ட வேற போட்டிருக்கீரு. திருச்செந்தூரா?"

"எங்கண்ணன் செத்துட்டாரு."

சேக் மைதீன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். செல்லச்சாமியை அவருக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசியில் எலி கடித்த பெட்டியைக் கொண்டுவந்து, சரிசெய்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து கடலை தின்று தோலை எல்லாம் கடைக்குள் ஊதிவிட்டுப் போன மனுஷன்.

"என்னவே சொல்லுதீரு?"

"முந்தாநாள். மார்க்கெட் வாசல்ல நெஞ்சப் பிடிச்சிட்டு விழுந்தாரு. அது போட்டும். இன்னைக்குக் காலைல காடாத்து. நாங்க சுடுகாட்டுல சாம்பல அள்ளிக்கிட்டு நிக்கோம், அங்கன காட்டுல மோட்டாரு ஓடுது."

"யாராவது போன்ல போட்டிருப்பாங்க."

"பெட்டியில இருக்கது அவரு நம்பர் ஒண்ணுதான். நீருதான பதிஞ்சு குடுத்தீரு. பொஞ்சாதி நம்பரக்கூடச் சேக்க விடலயே அந்த மனுசன்."

"அப்ப அவரு போன வச்சிருக்கவன் போட்டிருப்பான்."

"அந்தப் போனத்தான் காணுமே! அவரு விழுந்த எடத்துலயே எவனோ ஆட்டயப் போட்டுட்டான். அன்னைலருந்து சுவிட்ச் ஆஃப். காலைல மோட்டாரு ஓடிக்கிட்டு இருக்கும்போதே நான் அடிச்சுப் பாத்தேன் பாய். அணைச்சு வச்சிருக்குன்னுதான் போனுக்குள்ள பேசுற பிள்ள சொல்லுது." ஆவுடையப்பன் துண்டால் மழித்த தலையைத் துடைத்தான். "கழட்டி எறிஞ்சிரணும். நான் தொட மாட்டேன். மாட்டுனவரு நீரு, கழட்டுறதும் நீருதான். சாயங்காலம் பேயோட்டக் கோடாங்கி வாரான். கெணத்துல முள்ளப் போட்டு அடச்சிரலாம்னு ஊர்ல சொல்லியாச்சு."

சேக் மைதீன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா நேரமில்ல. பேய் ஓட்டக் கூப்பிட்டா மட்டும் பைக்க எடுத்துருவீக" என்றாள் ஷாஹின் பானு. "ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் போங்க."

"லூஸ் கனெக்சனுக்கு எதுக்குடி ஆயத்து?"

"கனெக்சனுக்கு இல்ல. உங்களுக்கு."

காட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தலைக்கு நேரே நின்றது. ஆவுடையப்பன் வண்டிப்பாதையிலேயே இறங்கிக்கொண்டான். அங்கிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் மிளகாய்ச் செடி. பூப் பிடித்த பருவம். இலை எல்லாம் தொங்கிப்போய், ஆனால் ஓரத்துப் பாத்திகள் மட்டும் நனைந்து கிடந்தன. காலையில் ஓடிய தண்ணீர். காற்று இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

மோட்டார் ரூம் வாசலில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். செல்லச்சாமி பெண்டாட்டி. துக்க வீட்டில் மூலையில் இருக்க வேண்டியவள். ஆம்பளைகள் சுடுகாட்டுக்குப் போன நேரம் பார்த்து விடியக்காலையிலேயே காட்டுக்கு வந்துவிட்டாள். ஊரே வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. காலடியில் உடைந்த பூட்டும் ஒரு கல்லும் கிடந்தன.

"கழட்டவா வந்தீக, அண்ணாச்சி?"

"பாக்க வந்தேம்மா."

"பாத்துட்டு எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது அவராங்கிறத மட்டும் சொல்லுங்க. அப்புறம் என்னத்தையும் கழட்டுங்க."

கேட்காமலே அவள் சொன்னாள். செத்துப்போன அன்றைக்குக் காலையில் சண்டை. கரிவலம்வந்தநல்லூரில் அவள் அண்ணன் வீட்டில் ஒரு சடங்கு. செல்லச்சாமிக்கும் மச்சினனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் சொல்லாமல் போய்விட்டு வந்துவிட்டாள். திரும்பி வந்து, செடி வாடுதே, மோட்டாரப் போடுங்க என்று கேட்டிருக்கிறாள். 'ஒங்கண்ணன வந்து எறைக்கச் சொல்லு. காஞ்சு சாகட்டும். நான் போட மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, ரூம் சாவியையும் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போனவர்தான்.

"அதுதான் கடேசிப் பேச்சு. சாவி அவரோடயே எரிஞ்சு போச்சு. கோவத்தோடயே போயிட்டாரா, இல்ல மனசு எறங்குச்சா? அதுதான் எனக்குத் தெரியணும். ஊர்ல சொல்லுதாக, ஆத்திரம் அடங்காம வந்து ஆட்டுதாருன்னு. ஆத்திரத்துல வாரவரு தண்ணியா பாய்ச்சுவாரு?"

சேக் மைதீன் பையைத் தூக்கிக்கொண்டார். ரூமுக்குள் போனார். உள்ளே ஈர மண் வாசமும் கிரீஸ் வாசமும் கலந்து அடித்தது. பெட்டி சுவரில் இருந்தது. ஆட்டோ சுவிட்சைப் பார்த்தார். அது ஆட்டோவில் கிடந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடும். கிடக்கவில்லை. பெட்டிக்குச் சொல்லு வந்தால்தான் ஓடும்.

அவர் மனசுக்குள் விஷயம் ஏற்கனவே முடிந்துவிட்டது. செல்லச்சாமி சாகும் முன்னால் ஆன் என்று மெசேஜ் அனுப்பியிருப்பார். அந்த நேரம் பெட்டிக்குச் சிக்னல் இல்லை. மெசேஜ் டவரிலேயே காத்துக் கிடந்திருக்கிறது. இரண்டு மூன்று நாள்கூடக் கிடக்கும். சிக்னல் வந்ததும் பெட்டிக்கு இறங்கி, மோட்டார் ஓடியிருக்கிறது. இதில் பேய்க்கு என்ன வேலை?

மூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கத்தில் மெல்லிய பிலிம் தகடாக ஆன்டெனா ஒட்டியிருந்தது. அதன் வால் வந்து போர்டைத் தொடுகிற இடத்தில் ஐப்பசியில் அவர் வைத்த வெள்ளிப் பசை, காய்ந்த பல்லி எச்சம் மாதிரி இருந்தது. மீட்டரை எடுத்து இரண்டு பக்கமும் முனையை வைத்தார்.

கத்தவில்லை.

முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். அழுத்தி வைத்தார். கத்தவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டார். பீப் என்று கத்தியது. ஒட்டில் வைத்தார். ஊமை.

ஒட்டு செத்துவிட்டது. போர்டின் ஈயப்பூச்சுக்கும் பசைக்கும் நடுவே மார்கழிப் பனி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத களிம்பு படிந்து, இரண்டையும் பிரித்துவிட்டது. ஆன்டெனா வேறு, பெட்டி வேறு. அப்படியானால் இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. டவரில் எத்தனை மெசேஜ் காத்துக் கிடந்தாலும் உள்ளே வர வழி இல்லை.

அப்புறம் யார் சொல்லிக் காலையில் மோட்டார் ஓடியது?

ரூமுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. கிணற்றுக்குள் ஏதோ தவளை விழுந்த சத்தம். சேக் மைதீன் உதடு தானாக ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்திருந்தது. பாதியில்தான் அவருக்கே தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய். வாசலில் வந்து நின்றிருந்தாள்.

"காலைல என்ன நடந்துச்சும்மா? ஒண்ணு விடாமச் சொல்லு."

"பூட்ட ஒடச்சேன். பச்சப் பட்டன அமுக்கி நாமளே போடுவோம்னுதான் வந்தேன். உள்ள வந்ததும் கை ஓடல. அவரு நிப்பாருல்ல, இங்கன, பெட்டிமேல ஒரு கைய வச்சிக்கிட்டு. அதே மாதிரி நானும் கைய வச்சேன். வச்சு அழுதேன். பட்டன நான் தொடவே இல்ல. வச்ச கை வச்சபடி இருக்க, மோட்டாரு ஓடிருச்சு."

"ஓடவும் கைய எடுத்துட்டியா?"

"எதுக்கு எடுக்கணும்? கரண்ட் போற மட்டும் வச்சிருந்தேன்."

சேக் மைதீன் பெட்டிப் பக்கம் திரும்பினார். மீட்டர் முனைகள் இரண்டையும் கவ்வி போட்டு ஒட்டின்மேல் மாட்டி, ஒயரை ஓரத்து இடுக்கு வழியாக வெளியே விட்டு, மூடியைப் பழையபடி பொருத்தினார். பெட்டிக்குள் பேட்டரி உண்டு, கரண்ட் இல்லாவிட்டாலும் சிக்னல் விளக்கு எரியும். இப்போது அணைந்து கிடந்தது. மூன்று பச்சைப் புள்ளிகள், மூன்றும் இருட்டு.

"இப்ப வை, தாயி."

அவள் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தாள். அமுக்கவில்லை, குழந்தை நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதல் புள்ளி பச்சையாக எரிந்தது. இரண்டாவது எரிந்தது.

மீட்டர் ஊமையாகவே இருந்தது.

"எடு."

எடுத்தாள். இரண்டு புள்ளியும் தயங்கித் தயங்கி அணைந்தன. சேக் மைதீன் தன் கையை வைத்தார். எரிந்தன. அந்த இடத்தில் மின்சாரம் போக வழியே இல்லை என்று மீட்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதே இடத்தின் வழியாக டவர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஷார்ஜாவில் முதலாளியாக இருந்த மலையாளி ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மீட்டர் அனுப்புகிறது பேட்டரி மின்சாரம். அது ஒரே பக்கமாக நடந்து போகிற சாது. நடுவில் ஒரு முடி அளவு பிளவு இருந்தாலும் நின்றுவிடும். டவர் அலை அப்படி இல்லை. நொடிக்குத் தொண்ணூறு கோடித் தடவை முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரம் அது. பிளவின் இந்தப் பக்கம் ஆடினால் அந்தப் பக்கமும் கூடவே ஆடும். தொடவே வேண்டாம். பக்கத்தில் ஆளின் உடம்பு வந்தாலும் அதற்குத் தெரியும், கூடும், குறையும். 'மீட்டர் மரிச்சு என்னு பறஞ்ஞால் விஸ்வசிக்கண்டா' என்றார், செத்துவிட்டது என்று மீட்டர் சொன்னால் நம்ப வேண்டாமாம். அப்போது சேக் மைதீன் சிரித்துவிட்டு டீ கிளாசைக் கழுவப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்த மட்டும் பேச்சித்தாயிடம் சொன்னார். ஒட்டு செவிடாகப் போனது. மெசேஜ் காத்துக் கிடந்தது. அவள் கை பட்டதும் அலைக்கு வழி கிடைத்தது.

"சண்டைக்கு மொத நாள் மோட்டாரு போன்ல ஓடுச்சா?"

"ஓடுச்சு. அவருதான் போட்டு, அவருதான் நிறுத்துனாரு. எப்பவும் மெசேஜ்தான் அனுப்புவாரு. போன் பண்ணா எவளோ ஒருத்தி பேசுதா, எனக்கு வெக்கமா இருக்கும்பாரு."

"அப்ப இது பழைய மெசேஜ் இல்ல. சண்டை போட்டு வெளிய போனதுக்கு அப்புறம் அனுப்புனதுதான். சந்தையில நின்னு அனுப்பிருக்காரு."

பேச்சித்தாய் அழவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நிறுத்தச் சொல்லி அனுப்பலயா?"

"அனுப்பியிருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் வந்திருக்கும். நீ அவ்வளவு நேரம் கை வச்சிருந்திருக்க. இப்ப நானும் வச்சிருந்தேன். ஒண்ணும் வரல. அனுப்ப நேரமில்லம்மா அவருக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒட்டு நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கு மத்தியானமே மோட்டார் ஓடியிருக்கும். சாவுச் செய்தி வரும் முன்னே இவளுக்குப் பதில் கிடைத்திருக்கும். இரண்டு நாள் இவள் வெந்திருக்க வேண்டியதில்லை. வாயில் வந்ததை விழுங்கிவிட்டுப் பசைக் குழாயை எடுத்தார்.

"பழசச் சொரண்டிட்டுப் புதுசா வச்சிருதேன்."

"வேண்டாம்."

"செவிட்டுப் பெட்டிய வச்சிக்கிட்டு என்ன செய்வ?"

"நான் வந்து கைய வச்சிக்கிடுதேன். அவரு சொல்லு அந்த வழியாத்தான வந்துச்சு. அதத் தொடாதீக, அண்ணாச்சி."

செத்த ஒட்டை அப்படியே விட்டுவிட்டு வருவது என்பது சேக் மைதீனுக்குச் செருப்பில்லாமல் ரோட்டில் நடக்கிற மாதிரி. ஆனாலும் மூடியை மூடித் திருகினார். அவள் போனை வாங்கி அந்த நம்பரையும் பெட்டியில் பதிந்தார். அதற்குள் கரண்ட் வந்திருந்தது. அவளைப் பெட்டியில் கை வைக்கச் சொல்லிவிட்டு அவள் போனிலிருந்து ஒரு ரிங் கொடுத்தார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. பேச்சித்தாய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள்.

வண்டிப்பாதையில் வேப்பமரத்தடியில் ஆவுடையப்பன் காத்திருந்தான். சேக் மைதீன் அவனுக்கும் விளக்கிச் சொன்னார். களிம்பு, அலை, டவர், மெசேஜ், எல்லாம்.

"அப்ப போட்டது எங்கண்ணன்தான்னு நீரே சொல்லுதீரு."

"அனுப்புனது உசுரோட இருக்கும்போதுவே!"

"வந்தது செத்த பெறகுதானே?"

சேக் மைதீனுக்குக் கோபம் வந்தது. "கோடாங்கிய வர வேண்டாம்னு சொல்லும். கெணத்துல முள்ளு விழுந்துச்சுன்னா அப்புறம் உம்ம மோட்டாருக்கு நான் வர மாட்டேன்." பைக் சாவியைத் தேடிச் சட்டைப் பைக்குள் கை விட்டார். சாவியோடு ஒரு போனும் வந்தது. பேச்சித்தாயின் போன். ரிங் கொடுத்த பிறகு திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் திரும்பியபோது மோட்டார் நின்றது.

கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தார். பக்கத்துக் காட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் தெளிவாகக் கேட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லையா? வரும்போதுதான் பார்த்தார், கையால் மொள்ளலாம், அவ்வளவு உயரத்துக்குக் கிடந்தது. மோட்டார் ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பேச்சித்தாய் மிளகாய்க்கு நடுவில், கையில் மண்வெட்டியோடு நின்றாள். பெட்டியில் இருப்பது இரண்டே நம்பர். ஒன்று அவர் கைக்குள் இருக்கிறது. இன்னொன்று முந்தாநாளிலிருந்து அணைந்து கிடக்கிறது.

ஆவுடையப்பன் ரெண்டு எட்டு பின்னால் போனான். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டார் சூடாகி ரிலே தானாக நிறுத்தியிருக்கலாம். மூன்று ஒயரில் ஒன்று விட்டிருக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒன்று, எரியாவிட்டால் வேறொன்று. தொழில்காரன் போய்ப் பார்க்க வேண்டியதுதான். சேக் மைதீன் வரப்பில் நடந்து மோட்டார் ரூம் வாசல் வரைக்கும் போனார். தலையைத் திருப்பாமல் அதைத் தாண்டி நேரே பாத்திக்குப் போய் போனை நீட்டினார்.

பேச்சித்தாய் அவரையும் பார்க்கவில்லை, போனையும் பார்க்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி, மோட்டார் ரூம் பக்கமாகத் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"இன்னும் நாலு பாத்தி நனையாமக் கெடக்கு! அதுக்குள்ள ஒமக்கு என்ன அவசரம்?"